வளவுக்குள் ஒரு சுட்டகல் மேடு: தோண்டாமல் தொல்லியல் பழகுவது எப்படி

கல்லைச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் தண்ணீர் கொதிக்கும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதே வேலையை ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருந்தால் வெடித்த கல்லும் கரியும் கலந்த ஒரு மேடு அங்கே எழும்பிவிடும். 3,500 வருடம் கழித்து அந்த நிலத்தை உழுகிறவர், மண் ஓரிடத்தில் மட்டும் கறுப்பாகவும் கல் எல்லாம் நொறுங்கியும் கிடப்பதைப் பார்த்து இது என்ன என்று தலையைச் சொறிவார். அயர்லாந்தில் மட்டும் இப்படி 7,000க்கு மேற்பட்ட சுட்டகல் மேடுகள் பதிவாகியிருக்கின்றன, அங்கே மிக அதிகமாகக் கிடைக்கும் வரலாற்றுக்கு முந்திய தொல்லிடம் இதுதான். ஸ்கொட்லாந்து, இங்கிலாந்து, வேல்ஸ், சுவீடன் பக்கமும் உண்டு. பெரும்பாலானவை வெண்கலக் காலத்தவை, கி.மு. 2000க்கும் 800க்கும் இடைப்பட்டவை.

இதற்கும் மட்டக்களப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நேரடிச் சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஆனால் தொல்லியல் பழக விரும்புகிற ஒருவருக்கு, குறிப்பாக உயர்தரம் படிக்கிற பிள்ளைகளுக்கு, இதைவிட மலிவான பாடம் கிடையாது. கிழக்கில் தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே காணிக்காரருக்கு வயிறு கலங்கும், இது தொல்பொருள் இடம் என்று பெயர்ப்பலகை நட வருகிறார்களோ என்றுதான் முதலில் நினைப்பார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. இன்னொரு பக்கம், தொல்லியல் என்றால் மண்வெட்டியை எடுத்துத் தோண்டுவது என்று நினைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, சொந்தக் காணியாக இருந்தாலும் தொல்பொருள் தேடித் தோண்டுவதற்குத் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். நாம் இங்கே செய்யப்போவது மறுபக்கத்திலிருந்து வருவது: பழைய மேட்டைக் கிளறாமல் புதிய மேடு ஒன்றை உண்டாக்கி, அது எப்படி உண்டாகிறது என்பதைக் கையால் பார்ப்பது. இதற்குப் பரிசோதனைத் தொல்லியல் என்று பெயர், பல்கலைக்கழகங்களிலும் இதைத்தான் செய்கிறார்கள்.

முதலில் அங்கே என்ன கிடைக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

மேடு எப்போதும் தண்ணீருக்குப் பக்கத்தில்தான் இருக்கும், ஓடைக்கரை அல்லது சதுப்பு நிலம். மேலிருந்து பார்த்தால் குதிரை லாடம் மாதிரி வளைந்து ஒரு பக்கம் திறந்திருக்கும். அந்தத் திறந்த இடத்தில் நிலத்துக்குள் ஒரு தொட்டி, அதன் பக்கங்களுக்குப் பலகையோ கற்பலகையோ அடைத்திருப்பார்கள், சில இடங்களில் குடைந்த மரத்தையே இறக்கியிருப்பார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் அடுப்பு. அவ்வளவுதான். பானை ஓடு, எலும்பு, ஆயுதம் எல்லாம் மிக அரிது, அதனால்தான் இவை எதற்கு என்ற வாதம் இன்றுவரை முடியவில்லை.

1950களில் மைக்கேல் ஜே. ஓ'கெலி என்ற ஐரிஷ் தொல்லியலாளர் கோர்க் மாவட்டத்தில் பாலிவோர்னி என்ற இடத்தில் ஒரு மேட்டை அகழ்ந்தபின் அந்தத் தொட்டியையே மீள அமைத்துச் சோதித்துப் பார்த்தார். 454 லீற்றர் தண்ணீர், அதாவது 100 கலன், அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேலான நேரத்தில் கொதித்தது. 4.5 கிலோ ஆட்டுத் தொடையை வைக்கோலில் சுற்றி உள்ளே போட்டு, இடைக்கிடை ஒரு சுட்ட கல்லை மட்டும் போட்டுக் கொதியைப் பிடித்து வைத்திருந்தார், 3 மணி 40 நிமிடத்தில் இறைச்சி நன்றாக வெந்து, சுத்தமாக வெளியே வந்தது. இறாத்தலுக்கு 20 நிமிடம், அதற்கு மேல் இன்னொரு 20 நிமிடம் என்ற சமையற்கட்டுக் கணக்கை அப்படியே பிடித்தார். நாம் இதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாக, 100 லீற்றரில் செய்யலாம்.

இடமும் காலமும்

மாசி, பங்குனி நல்ல காலம். மாரி முடிந்து நிலத்தில் ஈரம் இருக்கும், புல் இன்னும் காய்ந்திருக்காது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கிற நாளில் தீ மூட்டவே வேண்டாம், ஒரு பொறி போதும் பக்கத்து வளவுக் கிடுகு வேலிக்கு. வேலி, வைக்கோல் போர், கூரை எதுவாக இருந்தாலும் குறைந்தது 10 மீற்றர் தள்ளி நில்லுங்கள். தென்னைக்கு நேர் கீழே வேண்டாம், காய்ந்த ஓலை எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது.

எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கம், இருப்பவர்களுக்கு மணல் பிரச்சினை. காத்தான்குடியிலிருந்து கல்லாறு, கல்முனை வரைக்கும் அந்தக் கரையோரத்தில் கிடங்கு வெட்டினால் சுவர் சரிந்துகொண்டே இருக்கும், ஊற்றுகிற தண்ணீரும் நிற்காது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, வயல் பக்கக் களிமண் தண்ணீரைப் பிடித்து வைக்கும். சுவாரசியமான விஷயம் என்னவென்றால் வெண்கலக் காலத்து ஆட்கள் பல இடங்களில் தண்ணீரை ஊற்றவே இல்லை, நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடமாகப் பார்த்துக் கிடங்கு வெட்டினார்கள், அது தானாக நிரம்பிக்கொண்டது. மாரி காலத்தில் நம்மூர்க் கரையோர வளவில் ஒரு கிடங்கு வெட்டிப் பார்த்தால் இந்த யோசனையின் அருமை உடனே புரியும்.

படுவான்கரையில் ஒரு விஷயத்தில் கவனம். யுத்த காலத்தில் முகாமோ காவலரணோ இருந்த இடம், நீண்டகாலம் ஆள் புழங்காமல் கிடந்த காடு வளவு, இவற்றில் பெரிய தீ மூட்டக் கூடாது. மண்ணுக்குள் எது கிடக்கிறது என்று தெரியாது, சூடு கீழேயும் இறங்கும். பலமுறை கொத்திப் பயிர் செய்த நிலமாகப் பாருங்கள்.

அப்புறம், அக்கம்பக்கத்துக்கும் கிராம சேவகருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இது விளையாட்டுக்குச் சொல்வதல்ல. மாலை நேரத்தில் வளவின் பின்பக்கத்தில் நெருப்பு, நிலத்தில் கிடங்கு, கிடங்கிலிருந்து ஆவி, சுற்றிவர நாலு பேர். யார் பார்த்தாலும் கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம், காய்ச்சுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். பொலிஸ் வந்தபிறகு வெண்கலக் காலம் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது கஷ்டம்.

கிடங்கு வெட்டும்போது பழைய பானை ஓடோ செங்கல்லோ கருங்கல் அடுக்கோ தென்பட்டால் அத்தோடு நிறுத்தி, எடுத்த மண்ணைத் திரும்பப் போட்டு, வேறு இடம் பாருங்கள். வாகரைப் பக்கம் கதிரவெளியில் பெருங்கற்காலப் புதைகுழிகள் இருக்கின்ற மாவட்டம் இது, எதையும் லேசாக எடுக்கக் கூடாது.

கல்

முழு வேலையும் இதில்தான் தங்கியிருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கரையோரத்தில் கல்லே கிடையாது, மேற்கே போக வேண்டும். செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் போனாலும் சரி, அம்பாறையிலிருந்து இங்கினியாகலப் பக்கம் போனாலும் சரி, நிலத்தில் தலை நீட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் நைஸ் வகைக் கருங்கல், கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாக இருக்கும். கிழக்கிலங்கையின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது இந்தப் பாறைதான், புவியியலாளர்கள் இதை விஜயன் தொகுதி என்பார்கள். வீடு கட்டுகிறவர்கள் அத்திவாரத்துக்கு இறக்கும் கருங்கல்லே போதும், தேடி அலைய வேண்டாம், மிச்சம் கிடப்பதைக் கேட்டால் தருவார்கள்.

உரித்த தேங்காய் அளவுக் கல்லாகப் பொறுக்குங்கள், ஒன்று இரண்டரைக் கிலோ வரும். மொத்தம் 60 கல், அதாவது 150 கிலோ, பழைய கணக்கில் மூன்று அந்தர். ஏன் 60? கணக்கைப் பாருங்கள். 28 பாகை செல்சியஸில் இருக்கும் 100 லீற்றர் தண்ணீரை 100 பாகைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 30,000 கிலோயூல் சூடு வேண்டும். ஒரு கிலோ கருங்கல் 500 பாகையிலிருந்து 100 பாகைக்கு ஆறும்போது கிட்டத்தட்ட 320 கிலோயூல் கொடுக்கும். வகுத்தால் 94 கிலோ வருகிறது, 38 கல். ஆனால் கிடங்குச் சுவர் சூட்டைக் குடிக்கும், ஆவி எடுத்துக்கொண்டு போகும், நெருப்பிலிருந்து கிடங்குக்கு வருவதற்குள் கல் கொஞ்சம் ஆறும், சில கல் நடுவில் சூடாகாமலே இருக்கும். அதனால்தான் ஒன்றரை மடங்கு.

எடுக்கக் கூடாத கல் மூன்று. ஆற்றிலோ குளத்திலோ கிடந்த ஈரக் கல் முதலாவது, உள்ளே ஊறிய தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழி இல்லாமல் கல்லை வெடிக்க வைக்கும், துண்டு கண்ணில் பட்டால் கண் போய்விடும். எந்தக் கல்லாக இருந்தாலும் இரண்டு மூன்று கிழமை வெயிலில் போட்டு வையுங்கள். இரண்டாவது முருகைக்கல், அதாவது கடற்பவளம். அதைக் கடலிலிருந்து எடுப்பதே சட்டப்படி குற்றம், அது ஒருபுறம் இருக்க, நன்றாகச் சுட்டால் அது சுண்ணாம்பாக மாறிவிடும், பிறகு தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று சுண்ணாம்புச் சூளை கண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அயர்லாந்திலும் மேடுகளில் மணற்கல்தான் அதிகம், சுண்ணாம்புக்கல் பூமியில் இருந்தவர்கள்கூட முடிந்தவரை மணற்கல் தேடிக்கொண்டார்கள். மூன்றாவது கொங்கிரீற்றுத் துண்டு. அது கல்லே இல்லை, சூட்டில் படார் படாரென்று தெறிக்கும்.

வெள்ளைக் கல், அதாவது தனிக் குவார்ட்ஸ் கட்டி, இரண்டு மூன்று மட்டும் வேண்டுமென்றே சேர்த்துக்கொள்ளலாம். குவார்ட்ஸ் 573 பாகையில் தன் உள்ளமைப்பை மாற்றிச் சட்டென்று விரியும், ஆறும்போது திரும்பச் சுருங்கும். கருங்கல்லுக்குள்ளும் குவார்ட்ஸ் மணிகள் இருப்பதால் அதுவும் இதே காரணத்தால்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. வெள்ளைக் கல்லில் அது கண்ணுக்கு நேரே நடக்கும்.

கிடங்கு

90 சென்ரிமீற்றர் நீளம், 50 அகலம், 40 ஆழம். கணக்குப்படி 180 லீற்றர் பிடிக்கும். 100 லீற்றர்தானே, ஏன் இவ்வளவு பெரிது என்றால், 150 கிலோ கல் உள்ளே போகும்போது அதுவே 55 லீற்றர் இடத்தை அடைக்கும். பக்கத்துக்கும் அடிக்கும் ஒரு சாண் கனத்தில் களிமண் பூசுங்கள், அப்படியானால் வெட்டும்போதே அந்த அளவைக் கூட்டி வெட்ட வேண்டும். செங்கல் அறுக்கிறவர்களிடம் களி கேட்டு வாங்கி, நன்றாக மிதித்து, கொஞ்சம் வைக்கோல் கலந்து பூசினால் வெடிப்பு வராது. மணல் வளவுக்காரர் பலகை அடைத்துவிட்டு அதற்கு உட்பக்கம் களி பூச வேண்டும். பொலித்தீன் விரிக்கிற யோசனை வேண்டாம், முதல் கல்லிலேயே உருகிவிடும்.

நெருப்பு

காய்ந்த விறகு 50 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். சூடேற்றத் தேவையான சக்தியை மட்டும் பார்த்தால் ஐந்தாறு கிலோ விறகே போதும் என்று கணக்குச் சொல்லும், ஆனால் திறந்த நெருப்பில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். பாலை, முதிரை போன்ற வைரம் பாய்ந்த விறகு தணலாக நெடுநேரம் நிற்கும், சவுக்கும் நல்லது. தென்னை மட்டையும் பொச்சும் மூட்டுவதற்கு மட்டும்.

கிடங்கிலிருந்து ஒரு எட்டுத் தூரத்தில் தடித்த கொள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன்மேல் கல்லைப் பரப்பி, இடையில் மெல்லிய விறகு, திரும்பக் கல், மேலே திரும்ப விறகு. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் காற்றுப் போக வேண்டும். மூட்டிவிட்டு ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் விலகி இருங்கள். விறகு எரிந்து இறங்க இறங்கக் கல் தானாகத் தணலுக்குள் போய் விழும்.

வேலையை மாலையில் தொடங்குங்கள், அதற்குக் காரணம் உண்டு. எந்தப் பொருளும் 525 பாகையளவில் மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்கும், பகல் வெளிச்சத்தில் அது தெரியாது. பொழுது பட்டபின் கல்லில் அந்த மங்கிய சிவப்பைக் கண்டால் தயார். ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வெப்பமானி வாங்கத் தேவையில்லை, தண்ணீருக்கு மட்டும் சமையலறை வெப்பமானி ஒன்று போதும்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு அடுப்படியில் நிற்பது நம்மூர்ப் பழக்கம், இன்றைக்கு அது வேண்டாம். நீளக் காற்சட்டை, மூடிய சப்பாத்து, பருத்திச் சட்டை, கண்ணுக்குப் பட்டறைக் கண்ணாடி. நைலோன் உடை ஆகாது. பிள்ளைகள் ஐந்து மீற்றருக்கு வெளியே. இரண்டு வாளி தண்ணீரும் ஒரு குவியல் மணலும் பக்கத்தில் இருக்கட்டும்.

கல்லை இறக்குவது

நீளப் பிடி போட்ட சவள் ஒன்று, பூவரசில் பச்சையாக வெட்டிய இரண்டு கவைத்தடி. ஒருவர் தணலிலிருந்து எடுக்க, ஒருவர் சாம்பலைத் தட்டி இறக்க, இன்னொருவர் வெப்பமானியும் கொப்பியுமாக இருக்க, மூன்று பேர் வேண்டும். கல்லை எறியக் கூடாது, சவளைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்து வழுக்கி விடுங்கள். சீறிக்கொண்டு ஆவி வரும், முகத்தைப் பின்னால் வையுங்கள்.

ஒவ்வொரு கல்லும் தண்ணீரை ஏறக்குறைய இரண்டு பாகை ஏற்ற வேண்டும். தொடக்கத்தில் இதற்குச் சற்றுக் கூடுதலாகவே ஏறும், 80 பாகை தாண்டியதும் மந்தமாகும், அந்த இடத்தில் ஆவி எவ்வளவு சூட்டைத் தின்கிறது என்று தெரியும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனையாவது கல், எத்தனை பாகை. ஆறிய கல்லை இடைக்கிடை வெளியே எடுக்காவிட்டால் கிடங்கின் பாதியைக் கல்லே பிடித்துக்கொள்ளும். எடுத்த கல்லை எங்கே போட வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம், கைக்கு வசதியான பக்கம் எறியட்டும். நெருப்புக்கும் கிடங்குக்கும் இடையிலான வழியை ஒருவரும் அடைக்க மாட்டார்கள், மற்ற மூன்று பக்கமும்தான் நிறையும். முடிவில் அந்தக் குவியலை மேலேயிருந்து ஒரு படம் எடுங்கள், லாட வடிவம் யாரும் திட்டமிட்டுக் கட்டியதல்ல என்பது அப்போது தெரியும்.

எதையாவது அவிப்பது என்றால் வற்றாளங்கிழங்கை வாழையிலையில் சுற்றிக் கட்டிப் போடுங்கள், அல்லது ஓ'கெலி செய்ததுபோல் சுத்தமான வைக்கோலில் சுற்றிய கோழி. ஒரு கிலோக் கோழிக்கு அவருடைய கணக்குப்படி ஒரு மணித்தியாலமும் சில நிமிடமும். மரவள்ளி வேண்டாம், அதைத் திறந்துதான் அவிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், இலையில் கட்டி அவிப்பது ஆபத்து.

கொதிக்க வைப்பது மட்டுமல்ல, இன்னொன்றையும் செய்து பாருங்கள். தண்ணீரை 65 பாகைக்குக் கொண்டுவந்து, ஒரு மணித்தியாலம் அங்கேயே நிறுத்துங்கள். வாயு அடுப்பில்கூட இது சள்ளை பிடித்த வேலை, இங்கே ஆறத் தொடங்கும்போது ஒரு கல், அவ்வளவுதான். 2007இல் அயர்லாந்தின் கோல்வேயில் பில்லி குவின், டெக்லன் மூர் என்ற இரண்டு தொல்லியலாளர்கள் இந்த மேடுகள் பியர் வடிப்பதற்கு என்று சொல்லி, மரத்தொட்டியில் சுட்ட கல் போட்டு வடித்தும் காட்டினார்கள். முளைவிட்ட தானியத்தின் மா இனிப்பாக மாறுவதற்கு வேண்டியது இந்தச் சூடுதான். நீங்கள் வெறும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மேலே சொன்ன பொலிஸ் ஞாபகம் இருக்கட்டும்.

1987இல் பார்ஃபீல்ட், ஹொடர் என்ற தொல்லியலாளர்கள் இவை ஆவிக் குளியலுக்கு என்று எழுதினார்கள். மட்டக்களப்புச் சித்திரை வெயிலில் இருந்துகொண்டு வாசித்தால் சிரிப்புத்தான் வரும், ஆனால் ஸ்கொட்லாந்தின் ஓர்க்னித் தீவுக் குளிர்காலத்தில் இருந்து யோசித்தால் அவ்வளவு முட்டாள்தனமாகத் தெரியாது. துணி சாயமிட, தோல் பதனிட என்றும் சொல்பவர்கள் உண்டு. என் அபிப்பிராயம், ஒரே பயனைத் தேடுவதுதான் பிழை. ஐந்நூறு லீற்றர் வெந்நீர் கிடைத்தால் ஒரு ஊர் அதை ஒரு வேலைக்கு மட்டுமா வைத்திருக்கும்? அந்த ஆட்களிடம் மண்பானை இருந்தது, பானையில் கொதிக்க வைக்கத் தெரியாமல் கல்லைச் சுடவில்லை. பானை பிடிக்காத அளவு தண்ணீர் தேவைப்பட்டபோதுதான் கல்லைத் தேடினார்கள்.

மறுநாள் காலை

உண்மையான பாடம் இங்கேதான் இருக்கிறது, எனவே படுத்துத் தூங்கிவிட்டு வந்து பாருங்கள். கோழி எலும்பை நாயும் காகமும் கொண்டுபோயிருக்கும். வாழையிலை சுருண்டு கிடக்கும், ஒரு மழைக்கு அதுவும் இல்லை. கவைத்தடி விறகோடு போயிருக்கும். மிஞ்சியது கல், கரி, களி பூசிய ஒரு கிடங்கு. அயர்லாந்தில் பல இடங்களில் மண் புளிப்புத்தன்மை கூடியது, கிடக்கும் எலும்பையும் அது கரைத்துவிடும். எலும்பு இல்லை, ஆகவே சமையல் இல்லை என்று ஒருவர் எழுதினால் அதை எவ்வளவு நம்பலாம் என்று இந்தக் குவியலைப் பார்த்தபிறகு உங்களால் சொல்ல முடியும்.

இனித் தராசை எடுங்கள். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கல்லை ஒரு பக்கம், சின்னத் துண்டுகளை ஒரு பக்கம் பிரித்து நிறுங்கள். அதே பெரிய கல்லை வைத்து இன்னும் மூன்று நான்கு முறை செய்தால் ஒவ்வொரு முறையும் எவ்வளவு உடைந்து கழிகிறது என்று ஒரு எண் வரும். உதாரணத்துக்கு ஒரு முறைக்கு 20 கிலோ கழிவு என்று வைத்துக்கொள்வோம். 50 கனமீற்றர் மேடு ஒன்று, கனமீற்றருக்கு ஒன்றரைத் தொன் என்றால் 75 தொன். வகுத்தால் 3,750 முறை. வருடத்துக்குப் பத்து முறை மூட்டினால் 375 வருடம், வாரம் ஒருமுறை என்றால் 72 வருடம். அந்த 20 கிலோ 40 ஆக மாறினால் எல்லாம் பாதியாகிவிடும். மேட்டின் அளவை வைத்து ஊரின் வயதைச் சொல்வது எவ்வளவு வழுக்கலான வேலை என்பது இந்த ஒரு வகுத்தலில் விளங்கும். கல்லின் வகையைத் தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

உடைந்த துண்டுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள், பக்கத்தில் சம்மட்டியால் உடைத்த கருங்கல் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். சம்மட்டி உடைவு புத்தம் புதிதாக மினுங்கும், அடி பட்ட இடம் நசுங்கி வெளுத்திருக்கும், விளிம்பு கூர்மையாக இருக்கும். சூட்டில் உடைந்தது கட்டை கட்டையாக, ஒழுங்கற்ற முகங்களோடு இருக்கும், மேற்பரப்பில் வலை போல மெல்லிய வெடிப்பு ஓடும், விரலால் தேய்த்தால் மணி மணியாக உதிரும். கல்லில் உள்ள இரும்பு சூட்டில் சிவந்து இளஞ்சிவப்பு ஏறியிருக்கும், சில முகங்களில் புகைக் கறுப்பு. வெளி முகம் மட்டுமல்ல, உடைந்த உள் முகமும் கறுத்திருந்தால் அந்தத் துண்டு உடைந்தபிறகும் ஒருமுறை நெருப்புக்குப் போயிருக்கிறது. ஒரு கல் எத்தனை முறை பயன்பட்டது என்பதற்குத் தொல்லியலாளர் பார்க்கும் தடயங்களில் இதுவும் ஒன்று.

கரியையும் விடாதீர்கள். மேடுகளின் காலத்தைக் கணிப்பது பெரும்பாலும் கரியில் உள்ள கதிரியக்கக் காபனை வைத்து, ஆனால் அது மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லுமே தவிர எரிந்த காலத்தை அல்ல. நூற்றைம்பது வயதுப் பாலையின் நடு வைரத்தை எரித்துவிட்டு அந்தக் கரியைக் கொடுத்தால் உங்கள் நெருப்பு வெள்ளைக்காரன் காலத்தது என்று முடிவு வரும். அதனால் சுள்ளி, கொட்டை ஓடு போன்ற ஒரு வருடத்துப் பொருளைத்தான் ஆய்வுகூடங்கள் விரும்பும், நம்மிடம் அதற்குச் சிரட்டைக் கரி இருக்கிறது. சுட்ட கல்லையே நேரடியாகக் கணிக்கிற வழியும் உண்டு, வெப்ப ஒளிர்வு முறை, கல் கடைசியாக நன்றாகச் சூடேறிய நேரத்திலிருந்து எண்ணும்.

வயல் வட்டைக்குள் கறுத்த மேடு கண்டால்

இவ்வளவும் பழகியபின் கண் சும்மா இருக்காது, போகிற இடமெல்லாம் கறுத்த மண்ணைத் தேடும். நம் பக்கத்தில் நீங்கள் காணப்போவது பெரும்பாலும் பழைய செங்கல் சூளை, அதில் கல்லுக்குப் பதில் உருகி ஒட்டிய செங்கல் துண்டு இருக்கும். சேனைப் பயிருக்குக் காடு எரித்த இடத்தில் கரி பரவலாக இருக்கும், மேடாக இருக்காது. கரி சுட்ட இடத்தில் கல்லே இருக்காது. தென்னிந்தியாவில் பெல்லாரிப் பக்கம் புதிய கற்காலச் சாம்பல் மேடுகள் இருக்கின்றன, அவை மாட்டுச் சாணியைக் குவித்து எரித்ததால் வந்தவை. 1957இல் அல்சின் என்ற தொல்லியலாளர் உட்னூர் என்ற இடத்தில் அப்படியொரு மேட்டை அகழ்ந்தபோது சாம்பலுக்குள் மாட்டுக் குளம்படித் தடமே கிடைத்தது. கறுப்போ சாம்பலோ கண்டவுடன் ஒரே பெயர் வைத்துவிடக் கூடாது.

நிஜமாகவே சந்தேகம் வருகிற இடமாக இருந்தால், ஒன்றையும் எடுக்காமல், அளவுக்கு ஒரு அடிமட்டம் வைத்துப் படம் எடுத்து, தொலைபேசியில் இடக்குறியைச் சேமித்து, காணிக்காரரிடம் முதலில் பேசுங்கள். அதற்குப் பிறகு கிழக்குப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையிலோ தொல்பொருள் திணைக்களத்திலோ காட்டலாம். காணிக்காரருக்குத் தெரியாமல் முகநூலில் போடுவது நம்மூர் நிலைமையில் சரியான காரியம் அல்ல.

கிடங்கை மூடுவது

எல்லாம் முடிந்ததும் கிடங்கைத் திறந்தபடி விடாதீர்கள், மாடு விழும், மழை பெய்தால் நுளம்பு பெருகும். மூடுமுன் அடியில் அந்த வருடத்து நாணயம் ஒன்றையும், எழுதிய பிளாஸ்ரிக் அட்டை ஒன்றையும் போட்டு வையுங்கள். பரிசோதனை செய்கிறவர்களிடம் உள்ள நல்ல பழக்கம் இது, பிற்காலத்தில் யாராவது அந்த இடத்தைத் தோண்டினால் மட்டக்களப்பில் வெண்கலக் கால மேடு என்று கட்டுரை எழுதாமல் இருப்பார்கள். சாம்பலைத் தென்னைக்குப் போடுங்கள். மிஞ்சிய பெரிய கல்லை மாரிக்கு முன் கூரையின் கீழ் எடுத்து வையுங்கள், ஒருமுறை சுட்டு வெடிப்பு ஓடிய கல் முன்னைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும், நனைந்தபடியே அடுத்த நெருப்பில் வைத்தால் தெறிக்கும்.